வந்த நேரம், போன நேரம், உடன் இருந்தவர்

குற்றாலம்,
8.6.2025

வித்யாவுக்கு,

நான் நலம். உன் நலத்தை உன் அண்ணன் ஜெகதீஸ்வரனிடம் மூன்று தடவை போனில் விசாரித்தேன். மூன்று தடவையும், "அவ பேசமாட்டாளாம் மாப்ளே" என்று ஒரே ராகத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாலாவது தடவை எடுக்கவே இல்லை. ஆகவே பேனாவைத் தேடி எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கணக்கு டீச்சர் பொறுத்துக்கொள்ளவும்.

நீ ஆய்க்குடிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு, நம் லாட்ஜிலேயே எட்டாம் நம்பர் ரூமில் குடியிருக்கிறேன். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. வருகிறவர்களிடம் "அது சாரல் சார்" என்று நான் சொல்லுகிற பொய்யை இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சீசன் ஆரம்பித்துவிட்டது. ஐந்தருவி ரோட்டில் ரம்புட்டான் கடை போட்டாயிற்று. ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு சந்தோஷமாக அலைகிறது. நான் ஒருத்தன்தான் காய்ந்துபோய்க் கிடக்கிறேன்.

அன்றைக்கு நான் பேசினது தப்பு. கோயில் தேவார வகுப்பில் உனக்கு நெஞ்சு படபடவென்று வந்து, அந்த ஆதித்தன் உன்னைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது ஒரு புருஷன் என்ன கேட்க வேண்டும்? "என்ன செய்யுது?" என்று கேட்க வேண்டும். நான் கேட்டது, "அவரப் பாத்தாத்தான் ஒனக்கு நெஞ்சு துடிக்குமோ?" அதுவும் அவரை வைத்துக்கொண்டே. அதுவும் எதிர்வீட்டுத் தங்கத்தாய் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். அந்த அம்மாள் அன்றைக்குத் துணி மடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையையே மடித்து வைத்திருக்கலாம்.

ஆனாலும் என் பக்கத்தையும் யோசி. உன்னோடு ப்ளஸ் டூ படித்தவர், கோயம்புத்தூர் பாங்க் வேலைக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு, போன நவம்பரில் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். தலை நிறைய முடியோடு. அதைக்கூட மன்னிப்பேன். வகுப்பில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டுகிறார். என் பெயரில் பால் இருக்கிறதே தவிர, நிறத்தில் டிகாக்‌ஷன். குரல் பஸ் ஸ்டாண்ட் குரல். எனக்குப் பொறாமை வராமல் வேறு எவனுக்கு வரும்?

இதை ஆட்டோ சுடலைமணியிடம் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் படிக்க மாட்டான். படித்தாலும் செங்கோட்டை எல்லைக்குள்தான் சொல்லுவான்.

இன்னமும் உன் கணவன்,
பால்வண்ணநாதன்


ஆய்க்குடி,
10.6.2025

லாட்ஜ் முதலாளி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. சிவப்பு மையில் திருத்தத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

இனிமேல் கடிதமே போதும். போனில் நீங்கள் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம். உங்கள் கடிதத்துக்கு மூன்று டம்ளர் ஆயிற்று.

உங்களுக்கு ஒரு கழித்தல் கணக்கு. ஆதித்தன் ஊருக்கு வந்து ஏழு மாதம். எனக்கு இந்தப் படபடப்பு வந்து பதினாறு வருஷம். மீதிப் பதினைந்து வருஷம் ஐந்து மாதம் யாரைப் பார்த்துத் துடித்தது என்று எழுதுங்கள்.

முதன்முதலாக வந்த அன்றைக்கு உங்களிடம்தான் சொன்னேன். "கேஸா இருக்கும்" என்று ஓமத்தண்ணி கொடுத்தீர்கள். மறந்திருப்பீர்கள். அதற்கப்புறம் நானாக நாலு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் ரத்தம் குறைவு என்றார். ஒருவர் டென்ஷன் என்றார். ஒருவர் "இந்த வயசுல லேடீஸுக்கு அப்படித்தாம்மா" என்றார். நாலாமவர் தூக்க மாத்திரை கொடுத்தார். ஈ.சி.ஜி. எத்தனை எடுத்தாலும் நார்மல். அது ஓடிக்கொண்டிருக்கும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. ஓடிப்போய் டோக்கன் வாங்கி உட்காரும்போது அது ஓடி முடித்திருக்கும். திருடன் போனபிறகு போலீஸ் வந்து வீட்டைப் பார்த்து, "எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு" என்கிற மாதிரி.

உங்களுக்குச் சொல்லாத ஒன்று. மார்ச் மாதம் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் இருட்டிவிட்டது. அது மாடிப்படியில் வந்திருந்தால்? ரோட்டைத் தாண்டும்போது வந்தால்? இந்த ஜூலைக்குள் இது என்னவென்று தெரியாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இருபத்து மூன்று வருஷ வேலை.

தென்காசியில் ஜாய் என்று ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருக்கிறார். இதயத்துக்கென்றே படித்தவர். நாளைக்கு என் உடம்பில் ஒரு மெஷினை மாட்டி, இருபத்து நாலு மணி நேரமும் ஈ.சி.ஜி. ஓட விடப்போகிறார்.

வித்யாலட்சுமி


குற்றாலம்,
12.6.2025

வித்யா,

கழித்துப் பார்த்தேன். விடை வந்ததும் எனக்கு ஓமத்தண்ணி தேவைப்பட்டது.

நேற்றுச் சாயங்காலம் சுடலைமணி வந்தான். ஆட்டோவை நிறுத்தும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "அண்ணாச்சி, அக்கா நெஞ்செல்லாம் ஒயரா ஒட்டியிருக்காவ. இடுப்புல பொட்டி வேற தொங்குது. எங்கன போறோம்னே தெரியாத மாதிரி நடந்து போறாவ. கூட ஆதித்தன் சார் போனாரு."

"கூடயா, பின்னாலயா?" என்று கேட்டேன்.

"அது என்ன அண்ணாச்சி கேள்வி?"

முக்கியமான கேள்வி என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருஷமாக உன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் முழிக்கிறேன். ஒரு பெட்டி ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். அந்தப் பெட்டிமேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

கரும்பலகை விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஆதித்தனுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் பதில் எழுதாதே. தெரியாது என்றால் உடனே எழுது.

பெட்டி என்ன சொன்னது?

பா.


ஆய்க்குடி,
16.6.2025

அன்று ஆதித்தன் தன் மருந்துச் சீட்டுக்காகப் பக்கத்து வரிசையில் நின்றார். அவ்வளவுதான். சுடலைமணிக்கு எரியிற அடுப்பில் ஊதாவிட்டால் தூக்கம் வராது.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து ஸ்டிக்கர், ஐந்து வயர், குளிக்கக் கூடாது. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தேன், எப்போது படபடத்தது என்று நானே அதில் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போனேன். படி ஏறினேன். ஒன்பது பி பிள்ளைகளுக்கு மூன்று தடவை இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தேன். அதற்கே செத்தவனுக்கும் நெஞ்சு துடிக்கும். என் இதயம் மட்டும், மாமியார் வந்திருக்கிற வீட்டில் மருமகள் நடந்துகொள்வது மாதிரி, இருபத்து நாலு மணி நேரமும் தலையைக் குனிந்து வேலை பார்த்தது. மெஷினைக் கழற்றி மூன்றாம் நாள் காலையில், வாளியைத் தூக்கக் குனிந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஓடு ஓடென்று ஓடியது.

டாக்டர் ஜாய் அதற்காக என்னைப் பொய்க்காரி ஆக்கவில்லை. "இருக்கிறத நம்புதேன். பிடிக்கத்தான் முடியல" என்றார். மேஜையைக் காட்டி, "எப்படி அடிக்குதுன்னு தட்டிக் காட்டுங்கம்மா" என்றார். தட்டினேன். தேவார வகுப்பில் தாளம் பிடித்த விரல்தானே. அவர் கண்ணை மூடிக் கேட்டார். தாறுமாறாக, இடைவெளி முன்னே பின்னே அடிப்பது வேறு ஜாதியாம். அதில் ரத்தம் கட்டி, பக்கவாதம் வருகிற பயம் உண்டு. ஒரு அடி விட்டுப்போய் அடுத்தது ஓங்கி விழுவது இன்னொரு ஜாதி. பாதிப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் சாதுவானது. நான் தட்டினது ரெண்டும் இல்லையாம். "தாளம் தப்பல. காலம்தான் ஏறிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு வருஷத்தில் ஒருவராவது தட்டிக் காட்டச் சொன்னதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மெதுவாக ஏறுமா, சட்டென்று வருமா? நிற்பது எப்படி? என்ன செய்துகொண்டிருக்கும்போது வரும்? எத்தனை நாளைக்கு ஒரு முறை? எனக்கு எதுவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வருகிற நேரத்தில் பயம்தான் இருக்கும். கடிகாரம் பார்க்கிற புத்தி இருக்காது. "வீட்டுல யாராச்சும் கவனிச்சுக் குறிச்சு வச்சிருக்காங்களா?" என்றார். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை டாக்டர் என்று சொன்னேன்.

அண்ணன், "பேசாம வேலைய விட்டுட்டு இங்கன இரி" என்கிறார். விண்ணப்பத் தாள் வாங்கி வந்துவிட்டேன்.

வித்யா


குற்றாலம்,
17.6.2025

வித்யா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. முடிந்தால் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை என்று சொன்னாயாமே. இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் நீ நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். அன்றைக்குத்தான் ஆதித்தன் வகுப்பில் சேர்ந்திருந்தார். என் மூளை ரெண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து நீ நெஞ்சைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்தேன். லாட்ஜ்காரனுக்கு வேறு எதில் எழுதத் தெரியும்? பழைய ரெஜிஸ்டர் ஒன்று பாதி காலியாக இருந்தது. கட்டம் எல்லாம் அச்சடித்தே இருந்தது. வந்த நேரம், போன நேரம், உடன் இருந்தவர், வந்த காரணம். ரூமுக்கு ஆள் வந்து போவதை எழுதுவது மாதிரி உன் படபடப்பு வந்து போவதை எழுதிவிட்டேன். மொத்தம் பதினாலு. நிமிஷக் கணக்கு சரியாக இருக்கும். இருபது வருஷமாகச் செக் அவுட் நேரம் பார்த்த கை.

"வந்த காரணம்" என்கிற கட்டத்தை மட்டும் தயவுசெய்து படிக்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் ரெஜிஸ்டரை எடுத்து ஐந்தருவி ஓடையில் எறியப் போனேன். சத்தியமாகப் போனேன். சிப்ஸ் கடை வரைக்கும் போய்விட்டேன். இதை நீ பார்த்தால் இந்த ஜென்மத்தில் வீட்டுக்குத் திரும்ப மாட்டாய் என்று தெரியும். பார்க்காவிட்டால் அந்த விண்ணப்பத் தாளில் கையெழுத்துப் போடுவாய், ஏதாவது படியில் உருளுவாய். கடை வாசலில் சாரலில் நனைந்தபடி நின்றேன். கடைக்காரர், "அண்ணாச்சி, சிப்ஸ் கட்ட பேப்பரா? கொண்டாங்க" என்று கை நீட்டினார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுடலைமணியிடம் மூன்று பாலிதீன் பை சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எத்தனை முடிச்சு போட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

பா.


ஆய்க்குடி,
21.6.2025

அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படித்தேன்.

"23.11.24. வந்த நேரம் மாலை 6.20. போன நேரம் 6.41. உடன் இருந்தவர்: ஆதித்தன். வந்த காரணம்: தெரிந்ததே."

அன்றைக்கு நீங்கள் கோயிலுக்கே வரவில்லை என்று சொன்னீர்கள். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் அடிக்கிற காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூண் மறைவில் நின்றிருக்கிறீர்கள். ஐம்பத்து நாலு வயதில்.

"2.1.25. காலை 5.40 முதல் 5.52. கோலம் போட்டு நிமிர்ந்தாள். உடன் இருந்தவர்: எவரும் இல்லை. தூரத்தில் பைக் சத்தம் கேட்டது. விசாரிக்க வேண்டும்." அது பால்காரர்.

மூன்று நாள் உங்களுக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். இரண்டாம் நாள் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஜாயிடம் போனேன். வெட்கத்தைத் தொலைத்துவிட்டு மேஜையில் வைத்தேன். அவர் முதல் பக்கத்தில் புருவத்தைத் தூக்கினார். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் பேனாவை எடுத்து, பரீட்சைத் தாளில் மார்க் போடுகிற மாதிரி டிக் போட ஆரம்பித்தார்.

"18.1.25. கழுத்தில் துடிப்பு தெரிகிறது. முந்தானையால் மூடிக்கொண்டாள். வெட்கம்."

டாக்டர்: "வெட்கமில்ல. இதயத்தோட மேல் அறையும் கீழ் அறையும் ஒரே நேரத்துல இறுகுனா, ரத்தம் கழுத்துக்கு எத்தும். அதத்தான் பாத்திருக்காரு." ஒரு டிக்.

"14.2.25. தேதியைக் கவனிக்க. நின்ற பிறகு அரை மணி நேரத்தில் மூன்று தடவை பாத்ரூம். போன் எடுத்துப் போகிறாளா என்று பார்த்தேன். எடுத்துப் போகவில்லை. ஆகவே முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்."

டாக்டர்: "எம்மா, இத எந்தப் பேஷன்டும் எங்ககிட்ட சொல்லமாட்டாங்க. வெட்கப்படுவாங்க. வேகமா ஓடி நின்னதும் உடம்பு தண்ணிய வெளியேத்தும். இது பெரிய தடயம்." ரெண்டு டிக்.

"8.12.24. ஐந்தருவி. வந்த நேரம் 4.10. போன நேரம் 4.12. அருவியில் தலையைக் கொடுத்ததும் நின்றதாம். வெளியே வந்து 'நின்னுட்டு' என்றாள். என்ன நின்றது என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் நிம்மதி. சந்தேகத்துக்குரியது."

இந்த இடத்தில் டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ரெண்டு தடவை படித்தார். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் அடித்தால் ஒரு நரம்பு தூண்டப்பட்டு இதயத்துக்குக் கடிவாளம் போடுமாம். பயத்தினால் வருகிற படபடப்பு அப்படிச் சுவிட்சை அணைத்தது மாதிரி நிற்காதாம். மெதுவாகத்தான் அடங்கும்.

பதினாலு பதிவில் ஆதித்தன் இருந்தது நாலில். நான் குனிந்து நிமிர்ந்தது பதினொன்றில். அந்த நாலு நாளும் வகுப்பு முடிந்து நமஸ்காரம் பண்ணி எழுந்திருக்கிறேன். நீங்களே ஒழுங்காக எழுதிவைத்து, நீங்களே கூட்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். கணக்கில் பூஜ்யம்.

இதயத்தில் மின்சாரம் போகிற பாதை ஒன்றுதான் இருக்க வேண்டுமாம். எனக்குப் பிறவியிலேயே ரெண்டு இருக்கும் போலிருக்கிறது என்கிறார். என்றைக்காவது ஒரு துடிப்பு நேரம் தப்பி வந்தால், ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி, வெளியே போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சீசனில் வெளியூர் கார் பார்க்கிங் தேடிப் பெரிய அருவியைச் சுற்றுகிற மாதிரி. அதுதான் இது என்று தொண்ணூறு சதவீதம் தெரிகிறது, ஆனால் ஓடும்போது எடுத்த ஒரு கோடு கையில் இருந்தால்தான் மேற்கொண்டு வைத்தியத்துக்கு அனுப்புவேன் என்றார். அதற்கு ஒரு வழியும் சொன்னார். சிலர் கட்டியிருக்கிற கைக்கடிகாரத்திலேயே ஈ.சி.ஜி. எடுக்கலாமாம்.

எனக்குத் தெரிந்து அந்தக் கடிகாரம் ஒருவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் பேசின பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தோடு நான் போய்க் கேட்பேன்? நான் கேட்கப் போவதில்லை.

வித்யா


குற்றாலம்,
24.6.2025

வித்யா,

போனேன்.

ஆதித்தன் வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றேன். காலிங் பெல் அடித்தால் பாட்டு வருகிறது. அதுவே எனக்கு எரிச்சல். அவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. என் உடம்பைப் பார்த்து அப்படி நினைத்த முதல் மனுஷன். அந்த ஒரு காரணத்துக்காக அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது.

"ஒம்ம வாட்ச் வேணும்" என்றேன்.

"மணி பாக்கவா அண்ணாச்சி?"

"என் பொண்டாட்டி நெஞ்சப் பாக்க."

இதைவிட மோசமாக ஒரு விஷயத்தைத் தொடங்க முடியாது என்று வாயை விட்டு வெளியே வந்தபிறகு தெரிந்தது. உட்காரவைத்தார். காப்பி கொடுத்தார். சர்க்கரை அளவு சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், ரெஜிஸ்டர் உட்பட. தன் பெயர் நாலு இடத்தில் இருக்கிறது என்று கேட்டதும், "நாலுதானா?" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று தெரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் கிண்டலை விட்டுவிட்டு ஒன்று சொன்னார். அதை நான் உன்னிடம் மறைக்கக்கூடாது.

"அன்னைக்குக் கார்லயே சொன்னேன் அண்ணாச்சி. டீச்சர், இந்த வாட்சக் கட்டி விரல வைங்க, முப்பது செகண்டுதான், கோடு விழுந்துரும்னேன். அவுங்க மாட்டேன்னுட்டாங்க. 'ஒங்க வாட்ச என் கையில அவுக பாத்தா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாக'ன்னாங்க."

கார் கோயிலில் இருந்து நம் வீட்டுக்கு வர எட்டு நிமிஷம். எட்டு நிமிஷமும் உனக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே பிடித்திருக்கலாம். பிடிக்க விடாமல் தடுத்தது நான், அதுவும் வீட்டில் உட்கார்ந்தபடியே. காப்பி டம்ளரை வைத்துவிட்டேன். பாதிதான் குடித்திருந்தேன். என்னை அறிந்தவளுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

வாட்சையும் அதோடு சேர்ந்த போனையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போன் பக்கத்தில் இருந்தால்தான் கோடு அதில் போய் உட்காருமாம். வருகிற வழியில் அந்தப் போனில் உன் நம்பர் இருக்கிறதா என்று பார்த்தேன். திருந்திவிட்டேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்தாய். இருந்தது. "கணக்கு டீச்சர்" என்று போட்டிருக்கிறார். நான்கூட அந்த மரியாதையோடு போட்டு வைக்கவில்லை. நான் போட்டிருப்பது "வீடு".

படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்.

பா.


ஆய்க்குடி,
5.7.2025

பிடித்துவிட்டோம்.

வியாழக்கிழமை, ஒன்பது ஏ, இரண்டாம் பீரியட். டஸ்டர் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். பட்டனைத் தட்டின மாதிரி ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வாட்ச் திருகாணியில் மறுகை விரலை வைத்தேன். முப்பது செகண்ட் அசையக்கூடாது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து மூச்சை அடக்கின. அந்த வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

நிமிஷத்துக்கு நூற்று எண்பத்தெட்டு. கீழே, "தீர்மானிக்க இயலவில்லை" என்று காட்டியது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு பாடுபட்டு, அதுவும் ஐந்தாவது டாக்டராகக் கையை விரித்துவிட்டதே என்று. பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே டாக்டர் ஜாயிடம் போனேன். போனில் இருந்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வாட்சுக்குத் தெரியாட்டிப் போகுது, எனக்குத் தெரியுதே" என்றார். ஒல்லி ஒல்லியாக, ஒரே இடைவெளியில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. பதினாறு வருஷமாக நான் சொன்னது ஒரு விரல் நீளத்தில் இருந்தது. பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்தார். இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேலையை எழுதிக்கொடுக்கிற தாளைக் கிழித்துவிட்டேன்.

மதுரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே விஜயசங்கர் என்று ஒரு டாக்டர். தொடை ரத்தக்குழாய் வழியாக வயரை விட்டு இதயத்துக்குள் போய், அந்த ரெண்டாவது பாதை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சூடு வைத்து அடைத்துவிடுவாராம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சரியாகிவிடும். மிச்சத்தைப் பற்றியும் சொன்னார். நல்ல பாதையில் சூடு பட்டுவிட்டால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும், அது அபூர்வம், நூற்றில் ஒருவருக்குத்தான் என்றார். கணக்கு டீச்சருக்கு நூற்றில் ஒன்று என்பது ஒரு எண். படுக்கையில் படுக்கப் போகிறவளுக்கு அது ஆள்.

ஜூலை 14 திங்கட்கிழமை. முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். அண்ணன் கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். உங்களுக்குச் சீசன். எட்டு ரூமும் நிறைந்திருக்கும். நீங்கள் வரவேண்டாம்.

வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நன்றி சொன்னேன். நெஞ்சு துடிக்கவில்லை. பதிவு செய்துகொள்ளவும்.

வித்யா


குற்றாலம்,
6.7.2025

வித்யா,

"வரவேண்டாம்" என்று எழுதிய இடத்தில் பேனா அழுந்தி, தாள் பின்பக்கம் வரைக்கும் தடம் தெரிகிறது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, கோபத்தில் அழுத்தியிருக்கிறாய். அல்லது நான் அதை நம்பிவிடக்கூடாதே என்று அழுத்தியிருக்கிறாய். ரெண்டில் எது என்று எனக்குத் தீர்மானிக்க இயலவில்லை. நானும் அந்த வாட்ச் ஜாதிதான்.

இந்த விஜயசங்கர் யார்? என்ன வயசு? தலையில் முடி உண்டா? சுடலைமணியை விட்டு இன்டர்நெட்டில் பார்க்கச் சொன்னேன். நாற்பத்தொரு வயசு, முடி உண்டு, போட்டோவில் சிரிக்கிறார். இருபத்து நாலு வருஷமாக வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு இந்த ஆள் ஒன்றரை மணி நேரத்தில் போய், உள்ளே எந்தப் பாதை நல்லது எது கெட்டது என்று தீர்ப்பும் சொல்லி, ஒன்றை அடைத்துவிட்டும் வந்துவிடுவாராம். ஆதித்தன் எல்லாம் எனக்கு இனி ஒரு போட்டியே இல்லை. பாவம், நல்ல மனுஷர்.

சிரிப்புக்கு எழுதினேன். இனி எழுதுவது சிரிப்புக்கு இல்லை.

அந்த நூற்றில் ஒன்று எனக்கும் ஆளாகத்தான் தெரிகிறது. நேற்று ராத்திரி அந்த ஆள் எட்டாம் நம்பர் ரூமில் என்னோடுதான் படுத்திருந்தான். நீ உள்ளே போகும்போது உன் அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எனக்கு அவர்மேலும் பொறாமை. அந்தப் பெஞ்சு என் பெஞ்சு. அதில் உட்கார்ந்து நடுங்குகிற உரிமை எனக்குத்தான். பேசமாட்டேன், கேள்வி கேட்கமாட்டேன், எதையும் குறிக்கமாட்டேன்.

12 முதல் 17 வரை ரூம் கேட்டிருந்த ஆறு குடும்பத்துக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒருவர் "என்ன சார், சீசன்ல லாட்ஜ பூட்டுதீங்க, வீட்டுல விசேஷமா?" என்றார். ஆமாம் என்றேன்.

வரட்டுமா?

பா.


ஆய்க்குடி,
8.7.2025

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஆதித்தன் கார் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அண்ணனிடமும் வேண்டாம் என்றுவிட்டேன். "ஒங்க ரெண்டு பேரு சண்டையில நான் எதுக்கு மதுரைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகத்தான் உள்ளே போனார்.

கோபத்தில்தான் அழுத்தி எழுதினேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நீங்கள் அன்று வாசலில் கேட்ட கேள்வியை எந்த டாக்டரும் சூடு வைத்து எடுக்க முடியாது. அது நம் வேலை. மெதுவாகப் பார்க்கலாம்.

பயமாக இருக்கிறது. அண்ணனிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் எழுதிவிட்டேன்.

நான் யோசித்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு என் நெஞ்சில் ஒரே ஒரு பாதைதான் இருக்கும். அதற்கப்புறம் அது வேகமாக அடித்தால் மின்சாரத்தின்மேல் பழி போட முடியாது. நானாகத்தான் துடித்தேன் என்று அர்த்தம். யாரைப் பார்த்து என்று சந்தேகப்பட அப்போது உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதனால் எந்நேரமும் பக்கத்திலேயே இருங்கள்.

வித்யா